மெக்னீசிய அலாய்க்கு எந்தக் கோட்டிங்: கீறல் விழுந்த பிறகு எது நிற்கிறது?

மெக்னீசிய அலாய்களுக்குக் கோட்டிங் செய்து தருபவர்களின் விளம்பரத் தாளை எடுத்தால் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் இருக்கும். கடினம் எத்தனை விக்கர்ஸ், உப்புத் தெளிப்புச் சோதனையில் எத்தனை மணி நேரம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் கீறலே இல்லாத, ஓரங்களை டேப் ஒட்டி மறைத்த, தட்டையான சோதனைத் தகட்டில் எடுத்த எண்கள் அவை. நிஜமான பாகத்தில் ஓரம் உண்டு, போல்ட் துளை உண்டு, ஸ்பேனர் நழுவிய தடமும் உண்டு. அதனால் இங்கே ஒவ்வொரு கோட்டிங்கையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: அது உடைந்த இடத்தில், அடியில் இருக்கும் மெக்னீசியத்துக்கு என்ன ஆகும்?

அலுமினியத்தோடு பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். அலுமினியத்தைக் கீறினால் ஆக்சைடு தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். மெக்னீசிய ஆக்சைடின் கன அளவோ, அது உருவாகச் செலவான உலோகத்தின் கன அளவில் 0.81 பங்குதான். மூட வேண்டிய பரப்பை அது முழுசாக மூடாது. ஈரம் பட்டால் ஹைட்ராக்சைடாக மாறும். அந்த ஹைட்ராக்சைடும் பி.எச். சுமார் 11-க்கு மேல் இருந்தால்தான் நிலைக்கும். மழைநீருக்கு அது கரைய ஆரம்பிக்கும், உப்பு சேர்ந்தால் துளை விழும். கடல்நீரில் கேலமல் என்ற ஒப்பீட்டு மின்முனையை வைத்து அளந்தால் மெக்னீசியம் ஏறக்குறைய மைனஸ் 1.6 வோல்ட், துத்தநாகம் மைனஸ் 1.0, சாதாரண ஸ்டீல் மைனஸ் 0.6. அதாவது இயந்திரங்களில் புழங்கும் எந்த உலோகத்தைப் பக்கத்தில் வைத்தாலும் பலியாவது மெக்னீசியம்தான். ஸ்டீலுக்குப் பதிலாகத் தானே அரிந்து துத்தநாகம் தருகிற தியாகப் பாதுகாப்பை மெக்னீசியத்துக்குத் தர ஆளே கிடையாது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. மின்சாரம் கடத்தாத கோட்டிங் உடைந்தால் உடைந்த இடம் மட்டும் அரிக்கும். கடத்தும் கோட்டிங் உடைந்தால் மொத்தக் கோட்டிங்கும் சேர்ந்துகொண்டு அந்த ஒரு புள்ளியை அரிக்கும். கீழே வரும் தீர்ப்புகளில் பாதி இந்த விதியிலிருந்து வருபவை.

கோட்டிங்குக்கு முன்னால்

கோட்டிங் சரியில்லை என்று திரும்பி வரும் பாகங்களில் பலவற்றில் குற்றவாளி கோட்டிங் அல்ல, அடி உலோகம். டை காஸ்டிங்கில், அதாவது உருகிய உலோகத்தை அச்சில் அழுத்தி வார்ப்பதில், அதிகம் புழங்கும் ஏ.இசட்.91டி அலாயில் சுமார் 9 சதவீதம் அலுமினியம், 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துத்தநாகம். கடைசியில் இருக்கும் அந்த ‘டி’ உயர்தூய்மை ரகத்தைக் குறிக்கும். இரும்பு 0.005 சதவீதத்தையும், நிக்கல் 0.002 சதவீதத்தையும், செம்பு 0.03 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள விகிதம் 0.032-க்குள் இருக்க வேண்டும். பழைய சி ரகத்தில் இந்தக் கெடுபிடி கிடையாது. இரும்பு வரம்பைத் தாண்டிய வார்ப்பின் மேல் எவ்வளவு உயர்ந்த கோட்டிங் போட்டாலும் ஒரு கீறல் போதும், உள்ளேயிருந்தே அரிப்பு கிளம்பிவிடும். அலாய்ச் சான்றிதழைப் பார்க்காமல் கோட்டிங் ஆர்டர் போடாதீர்கள்.

அடுத்தது பரப்பில் ஒட்டியிருக்கும் இரும்பு. ஸ்டீல் ஷாட் (சிறு ஸ்டீல் குண்டுகள்) கொண்டு பிளாஸ்ட் செய்த, அதாவது வீசியடித்துச் சுத்தம் செய்த, மெக்னீசியத்தை உப்பு நீரில் ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். பரப்பு முழுவதும் பொடிப்பொடியாக ஹைட்ரஜன் குமிழி கிளம்பும். ஒவ்வொரு குமிழிக்கும் அடியில் பதிந்துபோன ஒரு இரும்புத் துணுக்கு இருக்கும். கண்ணாடி மணி அல்லது சுத்தமான அலுமினா மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதுவும் ஸ்டீல் பாகங்களை அடித்த அதே கேபினெட்டில் கூடாது. ஏற்கெனவே கெட்டுவிட்டது என்றால் அசிட்டிக்-நைட்ரேட் பிக்கிளிங், அதாவது பரப்பை அமிலத்தில் கரைத்தெடுப்பதுதான் வழி: லிட்டருக்குச் சுமார் 200 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம், 50 கிராம் சோடியம் நைட்ரேட், அறை வெப்பநிலை, 30 முதல் 60 விநாடி. பக்கத்துக்கு 12 முதல் 25 மைக்ரான் வரை உலோகம் போகும். அந்த அளவுக்கு இடம்விட்டு மெஷினிங் செய்யாதவர்கள் பிறகு பேரிங் இருக்கை லூசாகிவிட்டது என்று கோட்டிங் போட்டவரிடம் சண்டைக்கு வருவார்கள்.

எண்ணெய் நீக்க வலுவான காரக் கரைசலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அலுமினியத்தைத் தின்றுவிடும் காரம் மெக்னீசியத்தை ஒன்றும் செய்யாது, மெக்னீசியத்தில் உள்ள சில வசதிகளில் இது ஒன்று. டை காஸ்டிங்கில் மோல்டு ரிலீஸ் (வார்ப்பு அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் பொருள்) பரப்பில் சுட்டுப்போய் ஒட்டியிருக்கும், குறிப்பாக சிலிகோன் வகை. காரம் மட்டும் அதை எடுக்காது, பிக்கிளிங் கட்டாயம். ஒட்டாமல் உரியும் கோட்டிங்குகளில் பெரும்பங்குக்கு இந்த ஒரு படியைத் தாண்டிப் போனதுதான் காரணம்.

குரோமேட்டும் அதன் வாரிசுகளும்

கன்வர்ஷன் கோட்டிங் (ரசாயனக் குளியலில் உலோகப் பரப்பையே படலமாக மாற்றும் முறை) என்றால் இன்றும் அளவுகோல் பழைய டவ் 7 தான். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம், பிறகு கொதிக்கும் சோடியம் டைகுரோமேட் கரைசலில் 30 முதல் 45 நிமிடம். கீறல் விழுந்தால் படலத்தில் தங்கியிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் ஈரத்தில் கசிந்து போய் அந்த இடத்தை மறுபடி அடைத்துவிடும். என் கேள்விக்கு இவ்வளவு நேரடியாகப் பதில் சொன்ன கோட்டிங் வேறில்லை. ஆனால் அது புற்றுநோய் தரும் பொருள். ஐரோப்பாவில் சோடியம் டைகுரோமேட்டுக்கு 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் இடமில்லை. புதிதாக வடிவமைக்கும் பாகத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்க எந்த நியாயமும் இல்லை.

வாரிசுகள் பல: மூன்று இணைதிறன் குரோமியம், பாஸ்பேட்-பெர்மாங்கனேட், ஸிர்க்கோனியம்-டைட்டானியம், சீரியம், ஸ்டானேட். பெயர் எதுவானாலும் குணம் ஒன்றுதான். சில மைக்ரானுக்கும் குறைவான படலம். உலரும்போது வறண்ட குளத்துச் சேறு போல வெடிக்கும். பெயின்ட் பிடிப்பதற்கு அடித்தளமாக நன்றாகவே வேலை செய்யும். தேய்மானத்துக்குப் பயன் பூஜ்யம். தனியாக அரிப்பைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால், உள் அறையில் உலர்ந்த இடத்தில் இருக்கும் பாகத்துக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட அன்றே பெயின்டுக்கு அனுப்ப வேண்டும். கைபடாமல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எல்லோரும் வெறும் கையால்தான் எடுக்கிறார்கள்.

எச்.ஏ.இ., டவ் 17 என்ற இரண்டு பழைய ஆனோடைசிங் (மின்சாரம் செலுத்தி ஆக்சைடு வளர்க்கும்) முறைகளையும் இங்கேயே முடித்துவிடலாம். முதலாவது ஹாரி எவாஞ்சலைடிஸ் உருவாக்கியது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பெர்மாங்கனேட், ஃபுளோரைடு சேர்ந்த காரக் குளியல், சுமார் 85 வோல்ட் வரை மாறுமின்சாரம், பழுப்பு நிறப் படலம். இரண்டாவது அம்மோனியம் பைஃபுளோரைடு, டைகுரோமேட், பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த சூடான அமிலக் குளியல், பச்சை நிறம். விமானத் துறையின் பழைய வரைபடங்களில் இன்னும் இருக்கின்றன. தடித்த எச்.ஏ.இ. கடினமானதுதான், ஆனால் நொறுங்கும் குணம் கொண்டது, துளைகள் நிறைந்தது. பழைய பாகத்தைப் பழைய விவரக்குறிப்புப்படியே செய்தாக வேண்டும் என்றால் மட்டும்.

பி.இ.ஓ.: பேச வேண்டியது இங்கேதான் அதிகம்

பிளாஸ்மா எலெக்ட்ரோலிட்டிக் ஆக்சிடேஷன், அல்லது மைக்ரோ ஆர்க் ஆக்சிடேஷன். கெரோனைட், டேக்னைட், மாகாக்ஸிட்-கோட், அனோமேக் என்று சந்தையில் உலவும் பெயர்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை, அல்லது அதற்கு நெருங்கிய உறவு. கெரோனைட் பிரிட்டனில் வளர்ந்தது, 2022-ல் கர்டிஸ்-ரைட் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. துடிப்பு வடிவ இருதிசை மின்சாரம் அதன் அடையாளம். டேக்னைட் அமெரிக்காவில், எச்.ஏ.இ.க்கும் டவ் 17-க்கும் குரோமேட் இல்லாத மாற்றாக வந்தது. அனோமேக் நியூசிலாந்துக்காரர்களுடையது, கரைசலில் அம்மோனியா சேர்த்துப் பொறியை அடக்கும் வழி. கரைசல் ரகசியங்கள் வேறு வேறு, அடிப்படை ஒன்று.

நடப்பது இது. சிலிகேட், பாஸ்பேட், ஃபுளோரைடு இவற்றில் சில கலந்த, பி.எச். 12-13 இருக்கும் நீர்த்த காரக் கரைசல். அதில் பாகம் ஆனோடு (நேர்முனை), தொட்டியின் ஸ்டெயின்லெஸ் சுவர் கேத்தோடு (எதிர்முனை). வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போனால் முதலில் மெல்லிய படலம் மூடி மின்னோட்டம் விழும். சில நூறு வோல்ட்டைத் தொடும்போது படலம் மின்தாங்குதிறனை இழந்து, பரப்பெங்கும் நுண்ணிய வெள்ளைப் பொறிகள் ஓட ஆரம்பிக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு கணம் உலோகத்தை உருக்கி ஆக்சைடாக்கி, சுற்றியுள்ள கரைசலில் உறைய வைக்கும். நேரம் போகப் போகப் பொறிகள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருத்து ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். தொட்டியின் சத்தமும் சீறலிலிருந்து பட்பட்டென்று வெடிப்பதாக மாறும். நல்ல ஆபரேட்டர் அப்போது மின்னோட்டத்தைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். மேலும் தடிக்கட்டும் என்று விட்டால் பெரிய ஆர்க் ஒரே இடத்தில் நின்று எரித்து, வெறும் கண்ணுக்கே தெரியும் குழியை விட்டுப் போகும். அந்தக் குழி நேராக அடி உலோகம் வரை போகும். 50 மைக்ரான் தடிமன் என்று பெருமையாகத் தரும் பாகத்தைவிட 20 மைக்ரானில் நிறுத்திய பாகம் நீடித்து உழைப்பது இதனால்தான்.

கரைசலை 30 டிகிரியைத் தாண்டாமல் வைக்க வலுவான சில்லர் (குளிர்விப்பான்) வேண்டும். மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. இந்தச் சேவையின் செலவு ஆனோடைசிங்கைவிட ஏறுவதற்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையரும் சில்லரும்தான் காரணம், ரசாயனம் அல்ல.

கிடைப்பது என்ன? உலோகத்தை ஒட்டி ஒரு மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான நெருக்கமான அடுக்கு. அதன்மேல் எரிமலை வாய் போன்ற துளைகளும் நுண்வெடிப்புகளும் நிறைந்த தடித்த அடுக்கு. சிலிகேட் கரைசலில் மெக்னீசிய ஆக்சைடும் ஃபோர்ஸ்டரைட் என்ற மெக்னீசிய சிலிகேட்டும் உருவாகும், பாஸ்பேட்டில் மெக்னீசிய பாஸ்பேட்டும் சேரும். கடினம் 300 முதல் 600 விக்கர்ஸ் வரை. அடியிலுள்ள அலாய் 60-80தான். உலோகத்திலிருந்தே வளர்வதால் பிடிப்பு அபாரம், உரியாது. மின்கடத்தாது, கீறினால் கீறிய இடம் மட்டும் பாதிக்கும். எனது கேள்விக்கு இதுவரை நல்ல பதில்.

ஆனால் சீல் செய்யாத பி.இ.ஓ. அரிப்புத் தடுப்பு அல்ல. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. உப்புநீர் துளைகள் வழியாக உள் அடுக்கை எட்டச் சிறிது காலம்தான் ஆகும். அங்கே ஹைட்ராக்சைடு உருவாகி ஊதி, கோட்டிங்கை உள்ளிருந்தே தள்ளும். அலுமினிய ஆனோடைசிங்கில் செய்வது போலக் கொதிநீரில் முக்கினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். இந்தத் துளைகள் அதற்கு மிகப் பெரியவை. சோல்-ஜெல், சிலேன், எபாக்ஸி, அல்லது சூளையில் சுடும் ஃபீனாலிக் ரெசின், இவற்றில் ஒன்று துளைக்குள் இறங்கியாக வேண்டும். இறங்க வேண்டும் என்றால் பி.இ.ஓ. முடிந்து நன்றாக அலசி, நூறு டிகிரிக்கு மேல் உலர்த்தி, சூடு முழுசாக ஆறுவதற்குள் மெல்லிய ரெசினில் முக்க வேண்டும். ஒரே தடித்த பூச்சைவிட இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சூடு. துளையில் காரக் கரைசல் மிச்சமிருந்தால் ரெசின் பிடிக்காது, சில வாரத்தில் வெள்ளைப் பூ பூக்கும். அலசுவது சலிப்பான வேலை என்பதால் அவசரப்படும் இடமும் இதுதான். துளைகளில் இரட்டை ஹைட்ராக்சைடு அடுக்கை வளர்த்து அதற்குள் அரிப்புத்தடுப்பானைப் புதைத்து, குரோமேட்டின் தன்னைத்தானே ஆற்றும் குணத்தைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. விலைக்குக் கேட்டு வாங்கும் நிலைக்கு அது இன்னும் பொதுவாக வரவில்லை.

தேய்மானத்தில் பி.இ.ஓ.வுக்குப் பாதி மதிப்பெண்தான் தருவேன். லேசான சுமையில் உராயும் இடங்களுக்கு, மணல் அடிபடும் இடங்களுக்கு நல்லது. ஆனால் வெளி அடுக்கு சொரசொரப்பானது. எதிரில் ஓடும் ஸ்டீலையோ பிளாஸ்டிக்கையோ அரம் போல ராவிவிடும், உதிரும் தூளே பிறகு இரண்டையும் தேய்க்கும். சறுக்கும் பரப்பு என்றால் மேல் அடுக்கை மெருகிட்டு எடுத்துவிட்டு பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஏற்றச் சொல்லுங்கள். குறுகிய இடத்தில் அழுத்தும் பாரம் என்றால், உருளை தொடும் ஓட்டப்பாதை போல, வேண்டவே வேண்டாம். அடி உலோகம் அமுங்க, மேலே ஓடு நொறுங்கும்.

அளவு விஷயத்தில் ஒரு கணக்கு. கோட்டிங்கில் ஒரு பகுதி உள்ளே போகும், ஒரு பகுதி வெளியே வளரும். விகிதம் கரைசலுக்குக் கரைசல் மாறும், மாதிரித் துண்டில் அளந்து பார்த்துத்தான் வரைபடத்தில் எழுத வேண்டும். 60 டிகிரி திருகு மரையில் வெளியே வளர்வது பக்கத்துக்கு 10 மைக்ரான் என்றால் பிட்ச் விட்டத்தில் (மரையின் நடு விட்டத்தில்) 40 மைக்ரான் மாறும். மரைகளை மறைக்கச் சொல்லாமல் அனுப்பிவிட்டு, பிறகு மரை வெட்டும் கருவியை ஓட்டிச் சரிசெய்தால் கோட்டிங் போய் வெறும் உலோகம் வெளியே வரும். கூர் ஓரங்களுக்கு ஒரு மில்லிமீட்டராவது ஆரம் கொடுங்கள்; கூர்முனையில் படலம் வளைந்து தொடர முடியாமல் வெடித்துதான் நிற்கும். சோர்வு வலிமையும் குறையும். மாறிமாறிப் பாரம் தாங்கும் பாகமானால் கோட்டிங் போட்ட மாதிரியில் எடுத்த சோர்வுத் தரவைக் கேளுங்கள், கோட்டிங் போடாத உலோகத்தின் தரவு செல்லாது.

நிக்கல்: அழகானது, ஆபத்தானது

மின்சாரமில்லா நிக்கல் முலாம், அதாவது எலெக்ட்ரோலெஸ் நிக்கல், மேஜையில் வைத்துப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கும். பளபளப்பு, போட்டவுடனே 500-க்கு மேல் விக்கர்ஸ், மின்கடத்தும், சால்டர் பிடிக்கும், ஆழத்துளைக்குள்ளும் ஒரே சீரான தடிமன். மின்காந்தக் கவசப் பெட்டிகளுக்கு இதைவிட்டால் வழி குறைவு.

போடுவதுதான் பாடு. வழக்கமான நிக்கல் குளியல் பி.எச். 4.5-5, மெக்னீசியம் அதில் நுரைத்துக் கரையும். ஒரு வழி ஸிங்கேட், அதாவது முதலில் மெல்லிய துத்தநாக அடுக்கு: துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 30 கிராம், டெட்ராசோடியம் பைரோபாஸ்பேட் 120, லித்தியம் ஃபுளோரைடு 3, சோடியம் கார்பனேட் 5, பி.எச். 10.2 முதல் 10.4, வெப்பம் சுமார் 80 டிகிரி. அதன்மேல் சயனைடு செம்பு 5 முதல் 10 மைக்ரான், அதன்மேல் நிக்கல். பி.எச். அந்தச் சின்ன எல்லையை விட்டு நகர்ந்தால் துத்தநாகம் பஞ்சு போலப் படியும், எல்லாம் சேர்ந்து உரியும். இன்னொரு வழி செம்பு இல்லாமல் நேரடியாக: ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்கி ஃபுளோரைடு படலம் உண்டாக்கி, நிக்கல் கார்பனேட்டும் பைஃபுளோரைடும் கலந்த, ஏறக்குறைய நடுநிலைக் குளியலில் போடுவது. சயனைடு இல்லை, ஆனால் ஹைட்ரோஃபுளோரிக் உண்டு. கால்சியம் குளுகோனேட் ஜெல் தொட்டிக்குப் பக்கத்தில் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அங்கே மற்ற ஒழுங்குகளும் அப்படித்தான் இருக்கும்.

இப்போது என் கேள்வி. ஒரே ஒரு ஊசித்துளை: கேத்தோடு மொத்த நிக்கல் பரப்பு, ஆனோடு, அதாவது அரிபடும் பக்கம், அந்தத் துளையின் அடி. பாகம் வெளியே மின்னிக்கொண்டே இருக்கும், உள்ளே பொந்து விழும். நிக்கல் மேல் ஒரு சின்னக் கரும்புள்ளி, சுற்றி வெள்ளைத் தூள்; ஊசியால் தொட்டால் ஊசி உள்ளே இறங்கும். கோட்டிங்கே இல்லாத மெக்னீசியம் இதைவிட மெதுவாகவும் பரவலாகவும் அரிக்கும். டை காஸ்டிங் என்றால் பரப்புத் துளைகள் நிச்சயம் உண்டு, ஆகவே ஊசித்துளையும் உண்டு. 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து 900-1000 விக்கர்ஸுக்கு ஏற்றும் வித்தையும் இங்கே செல்லாது. ஏ.இசட்.91-ன் யூடெக்டிக், அதாவது அதில் முதலில் உருகும் கலவைப் பகுதி, 437 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். வார்ப்புக்குள் அடைபட்ட வாயு அதற்கு முன்பே கொப்பளிக்கும். விளம்பரத்தில் ஆயிரம் விக்கர்ஸ் என்று போட்டிருந்தால் அது ஸ்டீல் மேல் எடுத்தது.

உலர்ந்த உள்ளறையில், மின்னணுப் பெட்டிக்கு, 25 மைக்ரானுக்குக் குறையாமல் என்றால் சரி. வாகனத்தின் அடியில், கடலோரத்தில், வியர்வைக் கை படும் இடத்தில் வேண்டாம்.

வெற்றிடப் படிவு முறையில் வரும் டைட்டானியம் நைட்ரைடு, குரோமியம் நைட்ரைடு, டி.எல்.சி. (வைரம் போன்ற கார்பன் படலம்) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1 முதல் 5 மைக்ரான் தடிமனில் மென்மையான உலோகத்தின் மேல் மிகக் கடினமான தோல். அழுத்தினால் தோல் உடையும், அதில் ஊசித்துளைகளும் இயல்பு. வறண்ட இடத்தில் லேசாகச் சறுக்கும் பரப்புக்கு, அதுவும் நெருக்கமான அடிப்பூச்சு ஒன்றின் மேல் போட்டால் பயன்படும். பாகத்தின் வெப்பம் எவ்வளவு ஏறும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 200 டிகிரிக்குள் முடிக்க முடியாதவரிடம் கொடுக்க வேண்டாம்.

தேய்ந்ததை மீட்க: கோல்டு ஸ்ப்ரே

ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் உறைகள் இசட்.இ.41 போன்ற அலாய்களில் வார்க்கப்படுகின்றன. அவற்றின் இருக்கைகளும் போல்ட் திண்டுகளும் அரித்துப்போனால் மொத்த உறையும் குப்பைக்குப் போகும். அமெரிக்க ராணுவ ஆய்வகம் இதற்காகவே கோல்டு ஸ்ப்ரே முறையைத் தீவிரமாக வளர்த்தது. சூடாக்கிய ஹீலியமோ நைட்ரஜனோ அலுமினியத் தூளை நொடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் அடிக்கும். தூள் உருகாது, மோதலிலேயே ஒட்டும். உருகாததால் ஆக்சைடு குறைவு, மெக்னீசியத்துக்குச் சூட்டுப் பாதிப்பும் இல்லை.

அலுமினியமும் மெக்னீசியத்துக்குக் கேத்தோடுதான், ஆனால் நிக்கல், ஸ்டீல் அளவுக்கு மோசமில்லை. இரும்பு குறைந்த தூய தூள் என்றால் பாதிப்பு இன்னும் அடங்கும். அரை மில்லிமீட்டருக்கு மேலும் தடிமன் ஏற்றி, பிறகு அளவுக்கு மெஷினிங் செய்யலாம். நேர்கோட்டில் துப்பாக்கி பார்க்காத மூலைக்குப் போகாது. சாய்வு அதிகமானால் ஒட்டாது. ஹீலியத்தில் அடித்த படிவு நெருக்கமாக இருக்கும்; நைட்ரஜனில் அளவுருக்கள் சரியில்லை என்றால் துளைகள் விழும். வெட்டுமுக நுண்படத்தைக் கேட்டு வாங்குங்கள். தேய்மானத்துக்கும் சேர்த்து வேண்டும் என்றால் அலுமினா கலந்த தூள். தெளித்த அலுமினியத்தின் விளிம்பில் மெக்னீசியம் சந்திக்கும் கோட்டை மறக்காமல் ரெசினால் மூட வேண்டும். அரிப்பு ஆரம்பிக்கும் கோடு அதுதான்.

லேசரால் உலோகத்தை உருக்கி மேலே படியவைக்கும் லேசர் கிளாடிங்கை இதற்குப் போட்டியாகச் சொல்வார்கள். மெக்னீசியம் 1090 டிகிரியில் கொதித்துவிடும், அலுமினியம் ஏறக்குறைய 2500-ல். சக்தி கொஞ்சம் கூடினால் அடி உலோகம் ஆவியாகித் துளை விடும், அலுமினியத்தோடு கலந்து நொறுங்கும் சேர்மமும் உண்டாகும். தேர்ந்த கைகளில் மட்டும்.

பெயின்ட், போல்ட், சோதனை

பவுடர் கோட்டிங்கில் கொப்புளம் வந்தால் பவுடரைத் திட்டாதீர்கள். வார்ப்பின் துளையில் இருக்கும் காற்று சூளையில் விரிந்து வெளியே வருகிறது. பூசுவதற்கு முன் பாகத்தைச் சூளை வெப்பத்தைவிட 10-20 டிகிரி கூடுதலாகச் சூடாக்கி வாயுவை வெளியேற்ற வேண்டும். பி.இ.ஓ. 8-10 மைக்ரான், மேல் எலெக்ட்ரோகோட் (மின்சாரத்தால் படியவைக்கும் பெயின்ட்), அதன்மேல் பவுடர்: வெளியில் வெயில் மழையில் இருக்கும் பாகத்துக்கு நான் முதலிடம் தருவது இந்தக் கூட்டணிக்குத்தான். கீறல் விழுந்தாலும் பெயின்டுக்கு அடியில் நூல் நூலாக ஊர்ந்து போகும் அரிப்பை பி.இ.ஓ. அடித்தளம் நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. கன்வர்ஷன் படலத்தின் மேல் நேரடியாகப் பவுடர் போட்டதில் அது தாராளமாக ஊரும்.

எந்தக் கோட்டிங்கையும் தோற்கடிப்பது ஸ்டீல் போல்ட். தலைக்கு அடியில் 5052 அல்லது 6061 அலுமினிய வாஷர், போல்ட் தலையைவிடச் சில மில்லிமீட்டர் அகலமாக. துத்தநாகம் பூசிய போல்ட்டுக்கு மேல் சீலர். தண்ணீர் தேங்காத வடிவம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டைத் துருப்பிடிக்காது என்று நினைத்துப் போடுவார்கள். போல்ட் துருப்பிடிக்காதுதான், சுற்றியுள்ள மெக்னீசியம் காணாமல் போகும்.

அறிக்கை வாசிக்கும்போது சில விஷயங்கள். உப்புத் தெளிப்பு என்பது 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீர் மூடுபனி, ஏ.எஸ்.டி.எம். பி117-ம் ஐ.எஸ்.ஓ. 9227-ம் இதைத்தான் சொல்கின்றன. மணி நேரத்தை மட்டும் பார்க்காமல், எக்ஸ் வடிவக் கீறல் போட்டார்களா, கீறலிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் ஊர்ந்தது, ஸ்டீல் போல்ட் முறுக்கிய நிலையில் வைத்தார்களா என்று கேளுங்கள். எளிய சோதனை ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. பாகத்தை உப்புநீரில் மூழ்கவைத்து, மேலே கவிழ்த்த புனலும் அளவுக்குழாயும் வைத்து ஹைட்ரஜனைப் பிடியுங்கள். ஒரு மில்லி வாயு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் மெக்னீசியம் கரைந்ததற்குச் சமம். கோட்டிங் எப்போது உடைகிறது என்பது வரைபடத்தில் திடீர் ஏற்றமாகத் தெரியும், கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்னாலேயே. எங்கிருந்து குமிழி வருகிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஓரமும் தொங்கவிட்ட கொக்கி தொட்ட இடமும்தான்.

டேபர், அதாவது உராய்வுச் சக்கரத்தை அழுத்தித் தேய்த்துப் பார்க்கும் சோதனையின் தரவை மில்லிகிராமில் ஒப்பிடுவது ஏமாற்று வேலையாகிவிடும். நிக்கலின் அடர்த்தி 8-ஐ நெருங்கும், மெக்னீசிய ஆக்சைடு 3.6, அதுவும் துளை இல்லாத நிலையில்; வெறும் மெக்னீசியம் 1.74. ஒரே எடை இழப்பில் மெக்னீசியம் நிக்கலைவிட நான்கு மடங்குக்கு மேல் ஆழமாகத் தேய்ந்திருக்கும். கன அளவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும், சக்கரம் சி.எஸ்.-17-ஆ சி.எஸ்.-10-ஆ, பாரம் எவ்வளவு என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆர்டர் தாளில் ‘பி.இ.ஓ. 20 மைக்ரான்’ என்று மட்டும் எழுதினால் அது மட்டும்தான் வரும். அலாய் ரகம், பிக்கிளிங்கில் எவ்வளவு உலோகம் போகலாம், மின்தொடர்புக் கொக்கி எந்த இடத்தில் பிடிக்கலாம், எந்த மரைகளையும் இருக்கைகளையும் மறைக்க வேண்டும், சீலர் எது எத்தனை பூச்சு, கொக்கித் தடத்தை எதைக் கொண்டு அடைப்பது, அதே வார்ப்புத் தொகுதியிலிருந்து வெட்டுமுகத் துண்டு ஒன்று இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும். கொக்கித் தடத்தைப் பற்றிக் கேட்டவுடனே பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.